ஒரு கோடியில் ஒரு பங்கு: மீட்டர் பிறந்த கதை

1/ வீட்ல இருக்கற இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு மீட்டர் நீட்டிப் பாருங்க. அது 0.2 மில்லிமீட்டர் குட்டை. டேப் செஞ்சவங்க மேல தப்பில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, மீட்டர் பிறக்கும்போதே வந்த பிழை.

2/ 1791. பிரான்ஸ்ல ஊருக்கு ஊர் ஒரு அளவு. எல்லோருக்கும் பொதுவா ஒரே அளவு வேணும்னு முடிவு செஞ்சாங்க. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் 1 மீட்டர்.

3/ அவ்வளவு தூரத்தை யார் அளக்கறது? டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஆயிரம் கி.மீ.க்குக் கொஞ்சம் மேல. அதை மட்டும் அளந்து, மீதியைக் கணக்கில் பிடிக்கலாம்னு திட்டம். வடக்கே டெலாம்பர், தெற்கே மெஷேன். 1792ல் கிளம்பினவங்க முடிக்க 1798 ஆச்சு. நடுவில் புரட்சி, ஸ்பெயினோட போர்.

4/ பார்சிலோனாவில் மெஷேன் நட்சத்திரங்களைப் பார்த்து இரண்டு இடங்களில் அட்சரேகை கணித்தார். இரண்டும் ஒத்து வரலை. தரையில் பார்த்தா கிட்டத்தட்ட 100 மீட்டர் வித்தியாசம். அதை யார்கிட்டயும் சொல்லலை. மறைச்சுட்டார்.

5/ 1799ல் பிளாட்டினத்தில் மீட்டர் சட்டம் தயார். ஊரே பாராட்டியது, அவருக்கு மட்டும் நிம்மதியில்லை. அளவை இன்னும் தெற்கே நீட்டணும்னு மறுபடி ஸ்பெயின் போனார். 1804ல் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். அவரோட குறிப்பேடுகளைப் புரட்டினபோதுதான் டெலாம்பருக்கு உண்மை தெரிஞ்சது.

6/ இப்போ கணக்குக்கு வருவோம். துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை இருக்க வேண்டியது 10,000 கி.மீ., அதாவது ஒரு கோடி மீட்டர். இன்றைய அளவில் சுமார் 10,002 கி.மீ. 2 கி.மீ. அதிகம்.

கி.மீ.யை மி.மீ. ஆக்க 10 லட்சத்தால் பெருக்கணும். 2 கி.மீ. = 20 லட்சம் மி.மீ. அதை ஒரு கோடி மீட்டருக்கும் பங்கு போட்டா, ஆளுக்கு 0.2 மி.மீ.

மி.மீ.யை மைக்ரோமீட்டர் ஆக்க 1000ஆல் பெருக்குங்க. 200 மைக்ரோமீட்டர். நம்ம ரத்தச் சிவப்பணு ஒண்ணு ஏறக்குறைய 8 மைக்ரோமீட்டர் அகலம். 25 சிவப்பணுக்களை வரிசையா வெச்சா வர்ற நீளம்தான் அந்தப் பிழை!

7/ இதுக்கு மெஷேன்தான் காரணமா? பெரும்பாலும் இல்லை. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. எவ்வளவு தட்டைன்னு அன்னிக்கு எடுத்துக்கிட்ட மதிப்பு 334ல் ஒரு பங்கு. உண்மையில் 298ல் ஒரு பங்கு. பிழையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. சாகும்வரை மனுஷன் சுமந்த பாரம் பெரும்பாலும் அவருடையதே இல்லை.

8/ இப்போ மீட்டருக்கு ஒளியின் வேகம்தான் ஆதாரம், 1983லிருந்து. ஆனாலும் அந்தப் பழைய நீளத்தை யாரும் திருத்தலை. எல்லோரும் ஒரே அளவை வெச்சிருந்தா 0.2 மி.மீ. குறைவு யாரையும் கெடுக்காது.

ரெண்டு ரிசல்ட் ஒத்து வரலைன்னா ரெண்டையும் கேஸ் ஷீட்ல எழுதுங்கன்னு ஜூனியர் டாக்டர்கள்கிட்ட அடிக்கடி சொல்வேன். பிழையைவிட, அதை ஒளிச்சு வெக்கறதுதான் ஆளைத் தின்னும்.