மூளைக்கு வரைபடம் கீறிய கதை

போன கிழமை தரம் 9 வகுப்பில் நரம்புத் தொகுதி படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பியது. "சேர், மூளைக்குள்ள எது எதோட இணைஞ்சிருக்கு என்டு யாராச்சும் முழுசாப் பாத்திருக்காங்களா?"

நல்ல கேள்வி. பதிலுக்குப் பின்னால் 150 வருடக் கதை இருக்கிறது.

1873இல் இத்தாலியின் கமில்லோ கொல்கி, மூளைத் துண்டைப் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் பிறகு வெள்ளி நைத்திரேற்றிலும் ஊறவைத்தார். சில கலங்கள் மட்டும் கறுத்து, கிளைகளோடு தெரிந்தன. எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றுமே விளங்கியிராது.

அதே முறையைக் கையிலெடுத்தவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். நுணுக்குக்காட்டியில் பார்த்ததைக் கையாலேயே வரைந்தார். மூளை ஒரே தொடர் வலை என்றார் கொல்கி. இல்லை, தனித்தனிக் கலங்கள் என்றார் கஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. அந்த மேடையிலும் கொல்கி தன் கருத்தை விடவில்லை. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி கலங்களுக்கிடையிலுள்ள இடைவெளியைக் காட்டியது. கஹால் சொன்னதே சரி.

அடுத்தது ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு. அதற்கு இருப்பது 302 நரம்புக் கலங்கள்தான். கேம்பிரிஜில் சிட்னி பிரென்னரின் குழு, படம் படமாகக் கையால் தொடர்ந்து சென்று அதன் வரைபடத்தை 1986இல் வெளியிட்டது. பத்து வருடத்துக்கும் மேற்பட்ட உழைப்பு அது.

இதற்கிடையில் 1979இல் பிரான்சிஸ் கிரிக், மூளையில் ஒரு கன மில்லிமீற்றரின் முழு இணைப்பையும் கேட்பது நடக்காத காரியம் என்று எழுதினார். டிஎன்ஏயின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சொன்னது. யார் மறுப்பார்?

கணினி மறுத்தது. நுணுக்குக்காட்டிப் படங்களில் நரம்பின் ஓரங்களை அடையாளம் காண அதற்குப் பழக்கினார்கள். 2024இல் பழ ஈயின் முழு மூளையும் வெளிவந்தது: 139,255 கலங்கள், 5 கோடி இணைப்புகள். 2025 ஏப்ரலில் எலி மூளையின் ஒரு கன மில்லிமீற்றரும் வந்தது. மணல் மணியளவு துண்டு அது. அதற்குள் 52 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள்!

ஆனால் கணினி தனியாகச் செய்யவில்லை. அது இரண்டு நரம்புகளை ஒன்றாக்கிவிடும், ஒன்றை இடையில் அறுத்தும் விடும். மனிதர்கள் உட்கார்ந்து பிழை திருத்தினார்கள். ஈயின் படத்தைத் திருத்தியவர்களில் விஞ்ஞானிகள் அல்லாத தொண்டர்களும் இருந்தார்கள்.

பிள்ளையிடம் சொன்னேன்: "மனித மூளையை இன்னும் முழுசாப் பார்க்கல்ல மகன். 8,600 கோடி கலம் இருக்கு. உங்கட காலத்துக்கும் வேலை மிச்சம்."

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று உறுத்தியது. "உனக்கு மூளை இல்லையா?" என்று எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன்? வாப்பா, உம்மாமாரும் கேட்கிறோம். எலியின் மணலளவு மூளைக்கே இவ்வளவு என்றால், நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்குள் எவ்வளவு இருக்கும்! நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுப்பாருங்கள்.