மில்லியன் கிலோவும் அரைப்பேரும்

தேயிலை உற்பத்தி எவ்வளவு வரும், ஏற்றுமதி எவ்வளவு போகும் என்ற கணிப்பெல்லாம் கொழும்பில் மில்லியன் கிலோவில்தான் பேசப்படும். நல்லதண்ணி, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் கேள்வி வேற: இன்னைக்கு எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா? கொழும்புக் கணிப்பு பிழைத்தால் அது வந்து விழுவது இந்தப் பேர் கணக்கில்தான். இரண்டு தடவை நடந்ததைப் பார்ப்போம்.

1920களில் விலை நல்லா இருந்தது. லண்டன் சந்தையை நம்பி இந்தியா, இலங்கை, ஒல்லாந்தர் கையிலிருந்த ஜாவா, சுமாத்ரா எல்லாமே உற்பத்தியைக் கூட்டின. 1929க்குப் பிறகு உலக மந்தம் வந்து விலை சரிந்தது. 1933 ஏப்ரலில் சர்வதேச தேயிலை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. முதல் வருஷம் நிர்ணயித்த அளவில் 85 சதவீதம்தான் ஏற்றுமதி. புதுசா நடுவதற்கும் கட்டுப்பாடு. துரைமார் விலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தொழிலாளிக்கு? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். (கொழுந்து எடுப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது, கூலி மட்டும் குறைவு!) மந்தத்தைக் காட்டி அந்தக் கூலியையும் வெட்டினார்கள். வேலை நாளும் குறைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள்.

அப்போ தேயிலை கூடிப்போனது பிரச்சினை. 2021இல் நேர் எதிர். அந்த வருஷம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டது. சேதனத் தேயிலைக்கு வெளிநாட்டில் கூடுதல் விலை கிடைக்கும் என்ற கதையும் கூடவே ஓடியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் தேயிலைச் செடி வர்த்தமானி வாசிப்பதில்லையே. அதோடு டொலர் இல்லை, பசளை விலையும் எங்கேயோ போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது.

மலையில் இதற்கு என்ன அர்த்தம்? 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபா ஆகியிருந்தது. ஆயிரம் தருவதென்றால் 18, 20 கிலோ எடுக்க வேண்டும் என்று பல தோட்டங்களில் சொன்னார்கள். பசளை போடாத மலையில் அவ்வளவு கொழுந்துக்கு எங்கே போவது? கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். ரூபாயின் பெறுமதி விழுந்ததால் 2022இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை முந்தைய வருஷத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கம்பனிகளுக்குச் செலவும் கூடியது, உண்மைதான். ஆனால் அரிசி, மா, மண்ணெண்ணெய் விலை ஏறியது லயத்துக்கும் சேர்த்துத்தானே? விலை இரட்டிப்பான அந்த வருஷமும் நாட்சம்பளம் அதே 1000 ரூபாதான். அது 1350 ஆனது 2024 செப்டெம்பரில்.