கதவுக்குப் பின்னால் ஒரு தூண்

போன மாரியில் எங்கள் கராஜுக்கு ஒரு பழைய கூப்பே கார் வந்தது. இரண்டு கதவு, ஒரே வரிசை இருக்கை. பின்பக்கத்தை எந்தக் காலத்திலோ உளியால் வெட்டி எடுத்து, டிக்கி இருந்த இடத்தில் பலகைப் பெட்டி ஒன்றை ஏற்றியிருந்தார்கள். கதவைத் திறந்தேன், திரும்ப மூட முடியவில்லை. பிழை கதவில் இல்லை. கூப்பேயின் கூரையும் பின்வளைவும் டிக்கியும் சேர்ந்துதான் கதவு நிலையை நேராகப் பிடித்து வைத்திருக்கும். அதை வெட்டிவிட்டு மூட்டை ஏற்றினால், அடியில் செசி வளைய வளைய நிலைத்தூண் பின்னுக்குச் சாயும், மேல் இடுக்கு விரியும். முப்பது வருசம் தகரம் தட்டியவனுக்கு விரலை வைத்தாலே தெரியும்.

நான் வேலை செய்வது அவுஸ்திரேலியாவில், ஜீலோங் நகரத்தில். இந்த வெட்டுக்கு மருந்து கண்ட ஊரும் இதுதான்.

1930களின் தொடக்கத்தில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த நாட்களில், விக்டோரியா மாநிலக் கமக்காரர் ஒருவரின் மனைவி இங்கிருந்த ஃபோர்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக ஒரு கார் வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு லொறி வேண்டும், இரண்டும் வாங்க எங்களிடம் வசதியில்லை என்பது அதன் சாரம். பின்னால் பெட்டி வைத்த கார்கள் அதற்கு முன்பும் ஓடின. ஆனால் அவற்றுக்குத் துணிக்கூரை. மழை வந்தால் உள்ளே இருப்பவரும் நனைவார். கண்ணாடி ஏற்றி இறக்கும், தகரக் கூரை போட்ட கார்தான் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது.

கடிதம் லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரின் மேசைக்கு வந்தது. வயது இருபதுகளின் தொடக்கம். கரும்பலகையில் முழு அளவில் காரை வரைந்தார். கூப்பேயின் பக்கத் தகடு கதவோடு நிற்காமல் அப்படியே பின்னே நீண்டு பெட்டியின் சுவராகிறது. இருக்கை அறையும் பெட்டியும் ஒரே உடம்பு. மேலதிகாரி பார்த்துவிட்டு, அந்தப் பொருத்து பாரம் தாங்காது என்றார். அதே பயம்தான், கதவுக்குப் பின்னால் விழும் வெட்டு. அந்த இடத்தில் உள்ளே இன்னொரு தூண் வைக்கிறேன் என்றார் பாண்ட். அந்த ஒரு பதிலில்தான் எனக்கு அவர் மீது இத்தனை மரியாதை. வெட்டுவதற்கு உளி போதும். வெட்டிய இடத்தில் போன பலத்தை எங்கே திருப்பி வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டுமே!

1934இல் அது விற்பனைக்கு வந்தது. சுமார் 1200 இறாத்தல் பாரம் ஏற்றலாம். அமெரிக்காவில் ஃபோர்ட் 1957இலும் ஷெவர்லே 1959இலும்தான் இப்படிக் காரோடு ஒட்டிய பெட்டி வண்டிகளை இறக்கின. இங்கே சனங்கள் அதை ‘யூட்’ என்று செல்லமாகச் சுருக்கிக்கொண்டார்கள். ஃபோர்ட் 2016 வரை அதை இந்த நாட்டில் செய்தது.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் இல்லை, ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காலையில் பொம்பிளை மாப்பிளையை ஏற்றிய கார் பின்னேரம் வெங்காய மூட்டையோடு வரும். அதனால் அந்தக் கடிதத்தின் கதையை இங்கே முதன்முதல் கேட்டபோது, எழுதியவர் எங்கள் ஊர்ப் பெண் போலவே இருந்தார்.

கூப்பேயைக் கொண்டுவந்தவரிடம், பின்பக்கத்தைப் பழையபடி கட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம், தாத்தா வெட்டினது. அது அப்படியே இருக்கட்டும். கதவு மட்டும் மூடினால் போதும்.”

வெட்டை மூடவில்லை. இரண்டு பக்கமும் உள்ளே ஒவ்வொரு தூண் வைத்து, கூரை விளிம்போடும் தளத்தோடும் ஒட்டினேன். நான்கு நாள் வேலை.

பாண்ட் 1987இல் இறந்தார். தான் திருத்திப் புதுப்பித்த 1934ஆம் ஆண்டு யூட் ஒன்றில், ஆவணப்பட ஒளிப்பதிவு முடிந்து வீடு திரும்பும் வழியில் லொறியோடு மோதிய விபத்து. ஜீலோங் சுற்றுவீதியில் மூராபூல் ஆற்றுக்கு மேலே நிற்கும் பாலத்துக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். கூப்பேயை வீட்டில் கொண்டுபோய் விட அந்தப் பாலத்தால்தான் போனேன். பலகைப் பெட்டியில் என் கருவிகளை ஏற்றியிருந்தேன். நடுப்பாலத்தில் கதவு இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஒரே அளவு.