பெட்டி நின்றபின்னும் பாட்டு

அப்பா வாங்கிய ஆம்ப்ளிஃபையருக்கு நாற்பது வயதாகப் போகிறது. வால்யூமைத் திருகினால் லேசாகக் கரகரக்கும். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அதோடு இணைக்க ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கலாமென்று நண்பரிடம் யோசனை கேட்டேன். ஒலித்தரம் பற்றிப் பேசுவார் என்று நினைத்தால், அவர் கேட்டது வேறு: "கம்பெனிக்காரன் நாளைக்குக் கடையைச் சாத்திட்டா உன் பெட்டி பாடுமாய்யா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

2001ல் கலிஃபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் ஸ்லிம்பி3 என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. கணினியில் இருக்கும் எம்பி3 பாடல்களை வீட்டு நெட்வொர்க் வழியாக வாங்கி ஸ்டீரியோவுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அடுத்து ஸ்க்வீஸ்பாக்ஸ் வந்தது. இந்தப் பெட்டிகளுக்குச் சொந்தப் புத்தி குறைவு. பாடல் பட்டியல், அடுத்து எது என்பதெல்லாம் கணினியில் ஓடும் சர்வர் மென்பொருளின் பொறுப்பு. அந்த மென்பொருளின் மூல நிரல் யாரும் எடுத்துத் திருத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருந்தது.

2006ல் லாஜிடெக் இந்த நிறுவனத்தை வாங்கியது. 2012ல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையை நிறுத்தியது. 2024ல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிரல் கையில் இருந்ததால் பயனர்களே அதைப் பராமரித்தார்கள். இன்று அதன் பெயர் லிரியன் மியூசிக் சர்வர். பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. பெட்டி கிடைக்காதவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் பைகோர்பிளேயரை ஏற்றிக்கொள்கிறார்கள்.

அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் பிழைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். பின்பக்கம் இருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. ரேடியோ, கேசட், சிடி என எது வந்தாலும் ஒரு ஒயர் போதும்.

ஒலித்தரம் இப்போது பெரிய தடை இல்லை. 2021ல் ஆப்பிள் மியூசிக்கும் 2025ல் ஸ்பாட்டிஃபையும் இழப்பில்லா ஒலிக்கு வந்துவிட்டன. சந்தாவில் கேட்கும் பாட்டு மட்டும் நமக்குச் சொந்தமில்லை. உரிமம் முடிந்தால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும்.

கடைசியில் ராஸ்பெர்ரி பை வழிக்குப் போனேன். சுலபம் என்று சொல்லமாட்டேன்; ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. "கடையில வாங்கியிருந்தா அஞ்சு நிமிஷத்துல பாடியிருக்குமே," என்றாள் மனைவி. உண்மைதான். சந்தாவையும் விடவில்லை, புதுப் பாட்டுக்கு அது வேண்டும். ஆனால் அப்பாவின் கேசட்டுகளிலிருந்து நானே பதிந்தெடுத்த கச்சேரிகள் என் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்க யாருடைய கடையும் திறந்திருக்கத் தேவையில்லை.