உளுந்து வயலை ட்ரோனில் படமெடுக்கிறீர்களா? நிறமாலை கேமராவை அறிந்துகொள்ளுங்கள்

நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். பாதித்த இலையில் இந்த அளவு மாறும். நிறமாலை கேமரா இதை நிறவாரியாகப் பதிவு செய்கிறது.

சில கேமராக்களில் வடிகட்டிச் சக்கரம் சுழலும், அது தேயும். திரவப் படிக வடிகட்டியில் அசையும் பாகமே இல்லை. போலராய்டு தகடுகளுக்கு இடையே, கால்குலேட்டர் திரையில் உள்ளது போன்ற திரவப் படிகம் இருக்கும். மின்னழுத்தத்தை மாற்றினால் உள்ளே செல்லும் நிறம் மாறும். 2016-இல் விண்ணுக்குச் சென்ற பிலிப்பைன்ஸின் திவாட்டா-1 செயற்கைக்கோளில் இந்த முறை பயன்பட்டது.

நிறங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாவதால் ட்ரோன் ஓரிடத்தில் நின்று படமெடுக்க வேண்டும்.

படம் பாதித்த இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. மஞ்சள் தேமலா, சத்துக் குறைபாடா என்பதை வயலில் இறங்கி, இலையின் அடியில் வெள்ளை ஈ உள்ளதா எனப் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் இலை மாதிரியுடன் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிய பின்பே மருந்து தெளியுங்கள்.