அந்திக் கலக்கமும் ஆய்வகச் சுண்டெலியும்: 1995ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றை முன்வைத்து

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டி டெய்ன் குழுவினர் 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏபிபி23 என்னும் மரபணு மாற்றிய சுண்டெலிகள் கூண்டுக்குள் எப்போது எவ்வளவு நடமாடுகின்றன என்று பகலும் இரவும் பதிவு செய்திருந்தார்கள். பன்னிரண்டு மாத வயதான எலிகள், மாற்றம் செய்யப்படாத எலிகளைவிட, விழித்திருக்கும் காலத்தின் பின்பாதியில் கூடுதலாக ஓடியாடின. டிமென்ஷியா நோயாளிகளிடம் பொழுது சாயும் வேளையில் எழும் கலக்கத்தை இது ஒத்திருக்கிறது என்றும், நோயின் நடத்தைக் குறிகளை ஆராய இந்த எலி ஒரு மாதிரி என்றும் அவர்கள் வாசித்தார்கள். இந்த வாசிப்பின் முதல் பாதியை நான் ஏற்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. அதற்கான காரணம் அக்கட்டுரைக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் அல்சைமர் 1906இல் டூபிங்கனில் எடுத்துரைத்து 1907இல் அச்சிட்ட முதல் நோயாளிக் குறிப்பில், ஐம்பத்தொரு வயதுப் பெண்ணிடம் முதலில் தென்பட்டது கணவன்மீது எழுந்த சந்தேகம். மறதி அதன் பிறகே வருகிறது. சுண்டெலியின் வரலாறோ மறதியை முன்னிறுத்தியே எழுதப்பட்டது. 1991இல் அமிலாய்டு முன்னோடிப் புரதமான ஏபிபியின் மரபணுவில் குடும்பவழித் திரிபு கண்டறியப்பட்டது. 1995இல் அமிலாய்டு படிவுகளைக் காட்டிய பிடிஏபிபி எலி வந்தது. 1996இல் மின்னசோட்டாவின் கேரன் சியாவோ குழுவினர் டிஜி2576 எலியை அறிவித்தனர். படிவும் நினைவுக் குறைவும் ஒரே எலியில் சேர்ந்து வந்ததே அவர்களுடைய வெற்றி. அளவுகோலாக அமைந்தது எலியின் நினைவைச் சோதிக்க ரிச்சர்ட் மோரிஸ் வடிவமைத்த நீர்த்தொட்டி. அதே 1996இல்தான் முதியோர் உளமருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம் கூடி, சந்தேகம், கிளர்ச்சி, அலைச்சல், உறக்கக் குலைவு, அக்கறையின்மை ஆகியவற்றை ‘டிமென்ஷியாவின் நடத்தை, உளக் குறிகள்’ என்று ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தது. ஒரே ஆண்டில் நடந்தும் இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று தொடவில்லை. குடும்பத்தைக் குலைப்பது பெரும்பாலும் மறதியல்ல. இரவெல்லாம் கதவைத் தட்டுவதும், சோறு போடும் கையைத் தள்ளிவிடுவதும், சொந்த மகளைத் திருடி என்று ஏசுவதுமே வீட்டாரை முறியடிக்கின்றன. இக்குறிகளை அடக்கக் கொடுத்துவந்த உளமருந்துகள் முதியோரின் இறப்பைக் கூட்டுகின்றன என்று 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. எலியில் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்த்ததாக நினைக்கிறோம் என்ற கேள்வி அதனால்தான் அற்பமானதல்ல.

டி டெய்ன் குழுவின் வாசிப்புக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். சுண்டெலி இரவில் விழித்திருக்கும் உயிர். மனிதரின் அந்திக்கு எலியின் எந்த வேளை ஈடு? சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தால் விளக்கு அணையும் நேரம் என்று தோன்றும். ஆனால் அப்போதுதான் எலி கண் விழிக்கிறது. விழிப்புக் காலம் முடியும் கட்டத்தை ஈடாகக் கொள்வதே முறை. ஆண்ட்வெர்ப் குழு அதைச் சரியாகவே கொண்டது. அல்சைமர் நோயாளிகளிடம் அன்றாட நடமாட்டத்தின் உச்சம் பிந்திப்போவதை லாடிஸ்லாவ் வோலிசர் குழுவினர் 2001இல் காட்டியிருந்தார்கள். அந்த வகையில் ஏபிபி23 எலியின் இரவு வரைபடம் மனித வரைபடத்துக்கு உண்மையிலேயே நெருங்கி நிற்கிறது.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. நடமாட்டம் மிகுவது வேறு, மனம் கலங்குவது வேறு. கூண்டின் உணர்கருவி எண்ணுவது அசைவை மட்டுமே. பயந்து ஓடும் எலிக்கும் இரை தேடி ஓடும் எலிக்கும் அதனிடம் ஒரே கணக்கு. மேலும், ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் சி57 கருப்பு எலி மரபுவழியில், விளக்கு அணைந்ததும் ஒரு பெரிய எழுச்சியும் விடியலுக்கு முன் ஒரு சிறிய எழுச்சியும் இயல்பாகவே உண்டு. ஏபிபி23 எலியும் அந்த வழியில் வளர்க்கப்பட்டதே. இரவின் பின்பாதியில் கூடியது புதிதாக முளைத்த நோய்க்குறியா, முன்பே இருந்த இயல்பு ஊதிப் பெருத்ததா? மாற்றம் செய்யப்படாத ஒத்த வயது எலிகளோடு மட்டும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. அந்த எலிகள் இன்னும் கிழடாகும்போது என்ன செய்கின்றன என்றும் பார்க்க வேண்டும். இதே குழு 2006இல் ஆண் ஏபிபி23 எலிகளின் மூர்க்கத்தை ஆராய்ந்தது. என் கணிப்பில் அது 2004ஐவிட உறுதியான நிலத்தில் நிற்கிறது. மூர்க்கத்தை அளக்க இன்னொரு எலி எதிரே நிற்க வேண்டும், வெறும் அசைவு போதாது.

இப்போது 1995க்கு வருகிறேன். டிஜி2576க்கு ஓராண்டு முன்பு, அதே சியாவோ குழு நியூரான் இதழில் எழுதிய கட்டுரை இது. எஃப்விபி என்னும் வெண்ணிறச் சுண்டெலி வழியில் ஏபிபி புரதத்தை மிகுதியாகச் சுரக்க வைத்தார்கள். எலிகள் இளமையிலேயே இறந்தன. இறப்பதற்கு முன் புதியதைக் கண்டு ஒதுங்கின. அதாவது, புதுக் கூண்டில் விட்டால் மற்ற எலிகள் மூலை மூலையாக முகர்ந்து பார்க்கும். இவை அதைச் செய்யவில்லை. மாறிமாறி வழி தேர்வதிலும் தடுமாறின. மூளையில் ஏபிபியின் அளவு கூடக்கூட இந்த ஒதுக்கம் தொடங்கும் வயதும் இறக்கும் வயதும் குறைந்தன. ஆனால் உயிரணுக்களுக்கு வெளியே அமிலாய்டு படிவு எதுவும் காணப்படவில்லை.

நான் நின்று படித்தது அதற்கு அடுத்த செய்தியை. மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படாத எஃப்விபி எலிகளிலும், நடுவயதைத் தாண்டியபின், ஏறத்தாழ 20 விழுக்காடு அதே போன்ற கோளாற்றுக்கு ஆளாயின. ஏபிபி மிகைச்சுரப்பு புதிய நோயை உண்டாக்காமல், அந்த எலி வழியில் இயல்பாக வயதோடு வரும் ஒரு மூளைக்கோளாற்றை முன்கூட்டியே வரவழைத்திருக்கலாம் என்று ஆசிரியர்களே எழுதினார்கள். அடுத்த ஆண்டு டிஜி2576 வேறு எலி வழியில், சி57க்கும் எஸ்ஜேஎல்லுக்கும் பிறந்த கலப்பில் வந்தது. படிவும் கிடைத்தது, நினைவுக் குறைவும் கிடைத்தது. 1995இன் ஐயம் பின்னுக்குப் போனது.

டிமென்ஷியாவின் நடத்தைக் குறிகளைச் சுண்டெலியில் கண்ட வரலாறு இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் வாதம். புதியதைக் கண்டு ஒதுங்குவதை இன்றைய மருத்துவ அட்டவணையில் பதற்றத்திலோ அக்கறையின்மையிலோ சேர்க்கலாம். எதில் சேர்ப்பது என்று எலியிடம் கேட்க வழியில்லை. ஆனால் அது நடத்தைக் குறி. நினைவுச் சோதனையோடு சேர்த்து அதையும் அளந்திருக்கிறார்கள். அமிலாய்டு படிவு இல்லாமலே அது வந்திருக்கிறது.

எதிர்வாதங்கள் வலுவானவை. எஃப்விபி எலி விழித்திரைத் திரிபோடு பிறக்கிறது. சில வாரங்களில் குருடாகிவிடுகிறது. வலிப்புக்கும் ஆளாகும் வழி அது. அந்த 20 விழுக்காடு வலிப்பின் விளைவாகவே இருக்கலாம். இதை மறுக்க என்னிடம் சான்றில்லை. குருட்டுத்தன்மையைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூலைகளை எலி மூக்காலும் மீசையாலும் ஆராய்கிறது, கண்ணால் அல்ல. ஒப்பீட்டுக்கு வைத்த எலிகளும் அதே வழியைச் சேர்ந்தவை, அவையும் குருடுதான். கண் காரணமென்றால் எல்லா எலிகளும் ஒரே வயதில் ஒதுங்கியிருக்க வேண்டும். ஏபிபியின் அளவை ஒட்டி வயது மாறியிருக்கக் கூடாது.

மீசையின் வலிமையை 2014இல் 5எக்ஸ்எஃப்ஏடி எலிகளில் நடந்த ஆய்வொன்று காட்டியது. உயரத்தில் வைத்த கூட்டல்குறி வடிவப் பாதையில் இந்த எலிகள் சுவரில்லாத கைகளிலேயே அதிகம் உலாவும். அச்சம் குறைந்ததற்கும் தயக்கம் அற்றுப்போனதற்கும் அடையாளமாக இதைப் பலர் கொண்டிருந்தார்கள். மீசைவழி உணர்வு கெட்டதால் சுவரின் தொடுகையையே அவை தவிர்க்கின்றன என்று அந்த ஆய்வு வாதிட்டது. உளக்குறி என்று எழுதப்பட்டது தொடுவுணர்வின் குறியாக மாறிவிட்டது.

2004இன் வாசிப்பை நேராகச் சோதித்தது 2011இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரேண்டி நெல்சன் குழு. அவர்கள் எண்ணியது அசைவை மட்டுமல்ல. நாளின் வெவ்வேறு வேளைகளில் பதற்றத்தையும் அளந்தார்கள். ஏபிபி எலிகளில் வேளைக்கு வேளை மாறும் பதற்றம் தெரிந்தது, ஒத்த வயதுச் சாதாரண எலிகளில் தெரியவில்லை. இதுவரை ஆண்ட்வெர்ப் பக்கமே சாய்கிறது. ஆனால் மரபணு மாற்றமில்லாத, மிகக் கிழடான எலிகளிலும் அதே வடிவம் தோன்றியது. இருட்டுக் காலத்தின் முடிவை ஒட்டி நடமாட்டமும் கூடியது. இருளில் விழித்திருக்கும் கிழட்டு எலி, நோய் எதுவும் இல்லாமலே, 2004இல் நோயின் மாதிரி என்று பெயர் பெற்ற வரைபடத்தை வரைந்து காட்டுகிறது. மனிதரிலும் அறிவு தெளிவாக உள்ள முதியோர், விடுதிகளில் வாழும்போது, அந்திக் கலக்கத்துக்கு ஆளாவது பதிவாகியுள்ளது.

1995ஐயும் 2011ஐயும் இணைக்கும் கயிறு மெல்லியது என்பதை அறிவேன். எலி வழிகள் வேறு, அளந்தவையும் வேறு. ஒன்றில் ஒதுக்கம், மற்றொன்றில் வேளைசார் பதற்றம். ஆயினும் இரண்டும் ஒரே வடிவில் பேசுகின்றன: முதுமையில் எலிக்குத் தானாக வருவதை ஏபிபி முன்னே இழுத்து வருகிறது. இது உண்மையானால் ஏபிபி23 டிமென்ஷியாவின் நடத்தைக்கு மாதிரி ஆகாது. விரைந்து மூப்படையும் மூளைக்கு மாதிரியாகலாம். அதுவும் பயனுள்ளதே. ஆனால் அதில் சோதித்த மருந்து எதைக் குணப்படுத்துகிறது என்று சொல்லும்போது கவனம் வேண்டும்.

காலவரிசையில் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. நடத்தை மாற்றம் படிவுக்கு முன்பா, பின்பா? டிஜிசிஆர்என்டி8 எலிகளில் நடமாட்ட மாற்றமும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் படிவுக்கு முன்பே வருவதாக 2006இல் அறிவிக்கப்பட்டது. ஏபிபி23இல் படிவு ஆறு மாத அளவில் தொடங்குகிறது. நடத்தை தொடங்கும் வயது புரத அளவைப் பொறுத்தது என்று 1995 சொல்வதால், ஒரு வழிக்கு ஒரு தேதி என்று குறிக்கவே இயலாமல் போகலாம்.

மிகைச்சுரப்பின் கலப்படத்தைத் தவிர்க்க, ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் தகாவோமி சைடோ குழு 2014இல் எலியின் சொந்த மரபணுவிலேயே மனிதத் திரிபுகளைப் பொருத்திய எலிகளை உருவாக்கியது. என் வாதம் சரியென்றால் இவற்றில் நடத்தை மாற்றங்கள் மங்கலாக இருக்க வேண்டும். 2018இல் வெளிவந்த ஆய்வு அதைப் பாதிதான் ஆதரிக்கிறது. படிவுகள் மிகுந்த வழி கூட்டல்குறிப் பாதையில் துணிவு காட்டியது. ஸ்வீடன் திரிபு என்னும் குடும்பவழித் திரிபு மட்டும் உள்ள, படிவு அனேகமாக இல்லாத வழியோ வயது ஏறியபோது பதற்றம் காட்டியது. எதிரெதிர்த் திசையில் போகும் இவ்விரண்டையும் 1995இன் ஒதுக்கத்தோடும் 2004இன் இரவு ஓட்டத்தோடும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. மாற்றமில்லாத உடன்பிறப்பு எலிகளை இரண்டு வயது கடந்தும் வைத்திருந்து, அவற்றின் இரவுகளையும் முழுமையாகப் பதிவு செய்தால், குறைந்தபட்சம் ஏபிபி23இன் அந்தப் பின்னிரவு ஓட்டம் முதுமையைச் சேர்ந்ததா நோயைச் சேர்ந்ததா என்பதைத் தீர்க்கலாம்.