கோணமலையின் கற்கள்



சீனத்தின் தாய்சான் மலையைப் பற்றி அண்மையில் வாசித்தேன். பேரரசர்கள் படியேறிச் சென்று வானத்தை வணங்கிய மலை அது. வழி நெடுகப் பாறைகளில் எழுத்துகள். 1987இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்கே போகிறவர் மலையை வாசித்தபடியே ஏறலாம். எங்கள் திருக்கோணமலையையும் அப்படி வாசிக்கலாம். ஆனால் அதன் பக்கங்கள் சிதறிக் கிடக்கின்றன.

சென்ற மாதம் பேத்தியோடு அங்கே போனேன். பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதான் கோணேசர் கோயிலுக்குப் போகவேண்டும். புள்ளிமான்களைத் தேடி அவள் முன்னே ஓடினாள். கூப்பிட்டு நிறுத்தி, வாசற்கல்லைக் காட்டினேன். இரட்டைக் கயல், கூடவே சிதைந்த தமிழ் எழுத்துகள்.

"இது கோயில் கல்லெல்லோ, அம்மப்பா? ஏன் கோட்டையில இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் மலையேறினேன்.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. கோட்டைக்குள் கிடைத்த கிரந்தக் கல்வெட்டொன்று 1223ஆம் ஆண்டில் சோடகங்கன் என்பவன் இங்கு வந்ததைச் சொல்கிறது. மலையில் மூன்று கோயில்கள் இருந்தன என்பது போர்த்துக்கேயர் குறிப்புகளால் தெரிகிறது. 1622ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டன்று அழிவு தொடங்கியது என்பர். தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்கள் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. வாசற்கல் அங்கு வந்த கதை அதுதான். அடியார்கள் காப்பாற்றிய திருவுருவங்கள் தம்பலகாமத்திற் கோயில் கொண்டதாக மரபு.

பின்னர் ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். 1803இல் கோட்டைக்கு யோர்க் கோமகனின் பெயரை இட்டனர். மலையுச்சியிலே கோயில் இல்லை. ஆனால் வழிபாடு ஒழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, வெறும் பாறை விளிம்பில் நின்று பூசகர் பழமும் பூவும் கடலிலே இடுவதை வெள்ளையர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். இல்லாத கோயிலுக்குப் பூசை நடந்தது!

அந்த விளிம்பருகே ஒரு தூண் நிற்கிறது. பழைய கோயிலின் தூண் என்றே கருதப்படுகிறது. அதில் 1687ஆம் ஆண்டும் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் பொறித்திருக்கின்றன. காதலனைப் பிரிந்து அவள் கடலில் விழுந்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அவள் அதன் பின்பும் வாழ்ந்து திருமணம் செய்ததை ஆவணங்கள் காட்டுகின்றன. கல்லுக்கு உரியவர் போய்விட்டால் அதன்மேல் யாரும் கதை எழுதலாம்.

1950இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலான திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மண்ணிலே கிடைத்த மூர்த்திகள் மலைக்குத் திரும்பினார்கள்.

இடைப்பட்ட மூன்றரை நூற்றாண்டுகளில் இந்த நினைவைச் சுமந்தவை எவை? தட்சிண கைலாச புராணம். கவிராச வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு. பெயர்தான் கல்வெட்டு; இருந்ததோ பனையோலையில். கல் இடிபட்டபோது ஓலை தாங்கியது. ஓலையைப் படிக்க ஆட்கள் இருந்தபடியால் தாங்கியது.

திரும்பி வரும்போது வாசலில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒருவரும் அந்தக் கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பேத்தி மட்டும் ஓரமாக நின்று, மீன்களை எண்ணி, எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு எழுத்துகளே பிடிபட்டன.

நேயர்களே, அடுத்த முறை கோணேசரைத் தரிசிக்கப் போகும்போது, கோட்டை வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களையும் நிறுத்துங்கள்.